கல்யாணப் படத்துக்கு எந்த இரண்டு கெமரா? மலையகத்தில் தொழில் தொடங்குகிறவர்களுக்கு

கல்யாணம் எடுக்கத் தொடங்கப்போகிறேன், எந்தக் கெமரா வாங்கலாம் என்று யாராவது கேட்டால், "எந்த ரெண்டு?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். ஏனென்றால் அவர் கையில் இருப்பது ஒன்றுக்கே போதாத காசு, சீட்டு எடுத்ததும் நகை அடகு வைத்ததுமாகச் சேர்த்தது. இருந்தாலும் நான் சொல்வதை மாற்றுவதில்லை: ஒரு உயர்ந்த கெமராவுக்கு வைத்திருக்கிற காசில் இரண்டு சுமாரான கெமரா வாங்குங்கள்.

ஏன் என்று ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்து இரண்டாவது வருடம், தை மாதம், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் அதிகாலை முகூர்த்தம். உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் வகைக் கெமரா, அதுவும் பாவித்தது, ஒன்றுதான் என்னிடம் இருந்தது, பெயர் வேண்டாம். மாலை மாற்றியதை எடுத்தேன், தாலித் தட்டை எல்லாரும் தொட்டுக் கும்பிட்டதை எடுத்தேன், அதோடு உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. பார்த்தால் இருட்டு. அணைத்துப் போட்டேன், பெட்டரியைக் கழற்றி மாட்டினேன், லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன், அதற்குள் கெட்டி மேளம் அடித்து மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. அந்த அல்பத்தில் இருக்கும் தாலி கட்டும் படம் வீடியோக்காரத் தம்பியிடம் கெஞ்சி வாங்கி, வீடியோவிலிருந்து பிடுங்கிப் போட்டது. அந்தப் பெண்ணை ஹட்டன் டவுனில் இப்போதும் எப்போதாவது பார்ப்பேன். நன்றாகத்தான் பேசுவார், அதுதான் கஷ்டம்.

கொழும்பில் என்றால் தெரிந்தவர் ஒருவருக்கு போன் போட்டு அரை மணித்தியாலத்தில் இன்னொரு பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கெமராவை, எடுப்பித்துவிடலாம். நமக்கு அப்படி இல்லை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று பஸ்ஸில் இறங்கிப்போய் திருத்தக் கொடுத்துவிட்டு வர ஒரு நாள், திரும்ப எடுத்து வர இன்னொரு நாள். இடையில் ஒரு முகூர்த்தம் வந்தால்? அதனால் மலையில் இரண்டாவது கெமராவை ஆடம்பரமாகப் பார்க்காதீர்கள், வேனுக்கு ஸ்பெயார் டயர் மாதிரி அது. வித்தியாசம் என்னவென்றால் இந்த டயர் டிக்கியில் தூங்காது, மற்றதோடு சேர்ந்து ஓடும். ஒன்றில் அகலமான லென்ஸ், மற்றதில் தூர லென்ஸ் என்று இரண்டு தோளிலும் தொங்கினால், ஓமப் புகைக்குள்ளும் தூறலுக்குள்ளும் லென்ஸைக் கழற்றி மாட்டுகிற வேலையே இல்லை.

முதலில் காசைப் பிரியுங்கள்

கையில் இருப்பதைப் பத்துப் பங்காகப் போட்டால், இரண்டு பாடிக்கும் சேர்த்து ஐந்து பங்குக்கு மேல் போகக் கூடாது. மீதி ஐந்தில் லென்ஸ், பிளாஷ், கார்ட், பெட்டரி, ஒரு நல்ல பை. எழுதி வைத்த சட்டம் ஒன்றுமில்லை, நான் பார்த்துப் பழகிய கணக்கு. புதியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு பாடிக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கூட வந்த கிட் லென்ஸோடு இருண்ட கோயிலுக்குள் போய் நிற்பது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூட வெளிச்சம் வாங்கும். எஃப்5.6 லென்ஸைப் போட்டால் எவ்வளவு விலையான பாடியும் திணறும், 50 மில்லிமீட்டர் எஃப்1.8 என்ற சின்ன லென்ஸைப் போட்டால் பழைய பாடியும் வேலை செய்யும்.

விலையை நான் இங்கே எழுதவில்லை. 2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்த பிறகு யாரும் எழுதமாட்டார்கள். வாங்குகிற கிழமையில் இரண்டு மூன்று கடைக்கு போன் எடுத்துக் கேளுங்கள். கேட்கும்போது ஏஜென்ட் வாரன்டியா, கடை வாரன்டியா என்று சேர்த்தே கேளுங்கள். கடை வாரன்டி என்றால் அந்தக் கடை இருக்கிற வரைக்கும்தான்.

ஒரே குடும்பத்தில் இரண்டையும் எடுங்கள்

கேனன் ஒன்று, சோனி ஒன்று என்று கலக்காதீர்கள். சகாயமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பெட்டரி ஒன்றுக்கொன்று போடாது, லென்ஸ் மாறாது, பிளாஷைத் தூரத்திலிருந்து அடிக்கவைக்கும் ட்ரிகர் மாறாது. அதைவிடப் பெரிய தொல்லை நிறம். ஒரே பெண், ஒரே கூறைச் சேலை, ஒரு கெமராவில் அரக்கு, இன்னொன்றில் தக்காளி. மாப்பிள்ளையின் முகம் ஒன்றில் மஞ்சள் அடிக்கும், மற்றதில் சிவப்பு அடிக்கும். இதையெல்லாம் எடிட்டில் சரிசெய்யலாம்தான், ஆனால் 2,000 படத்தை வைத்துக்கொண்டு இரவு 2 மணிக்கு அதைச் செய்து பாருங்கள்.

எந்தக் கம்பனி என்று கேட்டால் என் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை: நீங்கள் யாரோடு உதவிக்குப் போகிறீர்களோ அவர் வைத்திருக்கிற கம்பனி. அவருடைய 70-200 தூர லென்ஸை ஒரு நாளைக்குக் கடன் வாங்கலாம், பெட்டரி தீர்ந்தால் கை நீட்டலாம், எந்த பட்டனில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். படத்தின் தரத்தில் கேனன், நிக்கோன், சோனி, பியூஜி என்று இன்றைக்குச் சண்டை போட ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாகத்தான் எடுக்கும்.

பாடியில் கட்டாயம் பார்க்க வேண்டியவை

இரண்டு கார்ட் போடும் வசதி. முதலும் முக்கியமும் இதுதான். ஒரே படம் ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் விழவேண்டும், ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். பாடி செத்தால் உங்களுக்குத் தெரியும், உடனே மற்றதைத் தூக்கிவிடுவீர்கள். கார்ட் சாவது வீட்டுக்கு வந்து கணினியில் போட்ட பிறகுதான் தெரியும். புதியது என்றால் வசதி கூடியிருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள், நிக்கோன் டி7200இல் இரண்டு கார்ட் இடம் இருந்தது, அதற்கு அடுத்து வந்த டி7500இல் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். கேனன் 6டி, 6டி மார்க் 2 இரண்டிலும் ஒன்றுதான். நிக்கோன் இசட்6 முதலாவதிலும் ஒன்றுதான், இசட்6 மார்க் 2இல்தான் இரண்டாக்கினார்கள்.

அப்புறம் இருட்டில் எப்படி என்பது. நம் கோயில் கல்யாணங்களில் பாதி விடியுமுன் நடக்கிறது, மண்டபத்துக்குள் இரண்டு டியூப் லைட்டும் குத்துவிளக்கும் இருந்தால் பெரிய விஷயம். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றக்கூடிய பாடி வேண்டும், அதற்கு ஃபுல் பிரேம் என்கிற பெரிய சென்சர் நல்லது. கட்டாயமா? இல்லை. எஃப்1.4, எஃப்1.8 லென்ஸ் வைத்துக்கொண்டு பியூஜி எக்ஸ்-டி3, எக்ஸ்-டி4 போன்ற சின்ன சென்சர் பாடியில் அழகாகத் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் இரண்டு கார்டும் போடலாம்.

மெகாபிக்சலைப் பற்றிக் கவலை வேண்டாம், 24 தாராளம். 12க்கு 36 அங்குல அல்பம் விரித்தாலும் போதும். கூடக்கூட ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் செலவு.

கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ், அதாவது ஐ ஏஎஃப், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பாடிகளில்தான் நன்றாக வேலை செய்கிறது. தனிப்படம் எடுப்பவருக்கு அது பெரிய நிம்மதி, 85 லென்ஸை எஃப்1.8இல் வைத்து எடுத்தாலும் கண் இமை கூர்மையாக விழும். ஆனால் பெட்டரி குடிக்கும். கம்பனி சொல்கிற கணக்கிலேயே நிக்கோன் டி750 ஒரு சார்ஜுக்கு 1,230 படம், அதே கம்பனியின் மிரர்லெஸ் இசட்5 பின்பக்கத் திரையில் பார்த்து எடுத்தால் 470 படம். நடைமுறையில் இரண்டும் இதைவிடக் கூட வரும், ஆனாலும் மிரர்லெஸ் என்றால் பாடிக்கு இரண்டு பெட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பக்கம் மழை பலமாக அடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே சார்ஜ் போடுகிற வேலை முதல் நாள் பின்னேரமே முடிந்திருக்க வேண்டும்.

ஒரே மாதிரி இரண்டா, அண்ணன் தம்பியா?

முடிந்தால் அச்சு அசல் ஒரே மொடல் இரண்டு. கண்ணை எடுக்காமல் விரல் தானாகப் பட்டனைத் தேடிப் போகும், தாலி கட்டும் நேரத்தில் அதன் அருமை புரியும். கையில் காசு குறைவு என்றால் பாவித்த டி750 இரண்டு எடுக்கலாம், 2014இல் வந்த கெமரா, 24 மெகாபிக்சல், இரண்டு எஸ்டி கார்ட், இன்றைக்கும் கல்யாணத்துக்கு வஞ்சகம் செய்யாது. மிரர்லெஸ்தான் வேண்டும் என்றால் இசட்5 இரண்டு. சோனிப் பக்கம் என்றால் 2018இல் வந்த ஏ7 மார்க் 3 இரண்டு, பாவித்த சந்தையில் நிறையப் புழங்குகிறது. அதில் கீழே இருக்கிற முதல் கார்ட் இடம்தான் வேகமானது, இரண்டாவது மெதுவானது, ஆகவே இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்போது தொடர்ச்சியாகச் சுட்டுத் தள்ளினால் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

கேனன் 5டி மார்க் 3 மலிவாகக் கிடைக்கும், நல்ல உழைப்பாளி. ஆனால் ஒரு இடம் சிஎஃப் என்ற பழைய வகைக் கார்டுக்கு, மற்றது எஸ்டிக்கு. சிஎஃப் கார்ட் இப்போது டவுன் கடைகளில் கேட்டால் என்னது என்று கேட்பார்கள், எஸ்டி இடமோ மெதுவானது. தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அண்ணன் தம்பி என்று எடுப்பதானால் பெட்டரியைப் பார்த்து எடுங்கள். கேனன் ஆர்6 மார்க் 2வும் ஆர்8ம் ஒரே 24 மெகாபிக்சல் வகைதான், படத்தை அருகருகே வைத்தால் எது எதிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் ஆர்8இல் ஒரு கார்ட் இடம்தான், பாடிக்குள் ஆட்டம் தாங்கும் வசதி கிடையாது, பெட்டரியும் சின்னது, வேறு வகை. இரண்டு சார்ஜர் தூக்கவேண்டும். அது பரவாயில்லை என்றால் ஆர்6ஐத் தாலிக்கும் ஆர்8ஐச் சுற்றி நடக்கிற சிரிப்புக்கும் சந்தடிக்கும் வைத்துக்கொள்ளலாம். சோனியில் ஏ7 மார்க் 3, மார்க் 4, ஏ7சி மூன்றுக்கும் ஒரே பெட்டரி, அந்த வகையில் வசதி, ஏ7சியில் மட்டும் ஒரு கார்ட். சட்டம் ஒன்றுதான்: ஒரு கார்ட் இருக்கிற பாடி தாலியை எடுக்கக் கூடாது.

பழைய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேனன் ஈஎஃப் லென்ஸ்கள் அடப்டர் போட்டால் ஆர் பாடிகளில் பிரச்சினை இல்லாமல் ஃபோகஸ் செய்யும். நிக்கோனில் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருந்தால் சரி, மோட்டர் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் இசட் பாடிகளுக்குப் போடுகிற எஃப்டிஇசட் அடப்டரில் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

பாவித்ததை வாங்கும்போது

அவசரப்படாதீர்கள், பகலில் போங்கள், உங்கள் கார்ட் இரண்டு, ஒரு பிளாஷ், ஒரு டோர்ச், முடிந்தால் ஒரு லப்டொப் கொண்டு போங்கள். விற்பவர் "அண்ணே, வீட்டுப் பாவனைதான்" என்பார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

முதலில் வெளியைப் பாருங்கள். அடியில் இருக்கிற திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். கைப்பிடி ரப்பர் வெளுத்து, பிசுபிசுத்து, ஓரத்தில் எழும்பியிருந்தால் நன்றாக வேர்த்து உழைத்த கெமரா. லென்ஸ் மாட்டும் வளையத்தை விரலால் தடவுங்கள், லென்ஸைப் போட்டு மெதுவாக ஆட்டிப் பாருங்கள், கடகடவென்றால் வேண்டாம். பிளாஷ் மாட்டும் இடத்தில் உங்கள் பிளாஷைப் போட்டு பத்துத் தடவை அடியுங்கள், ஒன்று இரண்டு தவறினாலும் அது கோயிலில் பத்தாகும். இரண்டு கார்ட் இடத்திலும் கார்ட் போட்டு, இரண்டிலும் படம் விழுந்திருக்கிறதா என்று தனித்தனியாகத் திறந்து பாருங்கள்.

அப்புறம் சென்சர். லென்ஸை எஃப்16இல் வைத்து வெள்ளையான எதையாவது ஃபோகஸ் இல்லாமல் எடுக்க வேண்டும். மற்ற ஊர்களில் சுவரைத் தேடுவார்கள், நமக்கு மூடுபனி இறங்கிய நாளில் வானம் முழுக்க வெள்ளைத் தாள்தான். படத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் தூசி, சுத்தம் செய்யலாம். சிலந்திக் கால் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தால் பூஞ்சணமாக இருக்கலாம், தொடாதீர்கள். லென்ஸ் மூடியைப் போட்டு 5 செக்கன் திறந்து ஒரு படம் எடுத்தால் சிவப்பும் நீலமுமாக மினுங்குகிற செத்த புள்ளிகள் தெரியும், ஒன்றிரண்டு பரவாயில்லை.

ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பதை, கேளுங்கள். நிக்கோனில் எடுத்த படத்தின் தகவலுக்குள்ளேயே அது இருக்கும், கேனனில் பல மொடல்களுக்குத் தனி மென்பொருள் வேண்டும். டி750, 5டி மார்க் 4 எல்லாம் 150,000 தடவைக்குச் சோதித்தவை, 6டி 100,000, ஏ7 மார்க் 3 200,000. அந்த எண்ணைத் தாண்டினால் உடனே செத்துவிடும் என்றில்லை, விலை பேச ஒரு பிடி கிடைக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, ஜப்பான் சந்தைக்கென்று வந்த சோனி பாடிகள் சிலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும். பணம் கொடுக்குமுன் மெனுவைத் திறந்து பாருங்கள், ஆங்கிலம் இல்லையென்றால் விலை எவ்வளவு இனித்தாலும் வந்துவிடுங்கள்.

எந்தப் பாடியில் எந்த லென்ஸ்?

நான் வலது தோளில் 35, இடது தோளில் 85 போடுகிறேன். சின்ன ஹோல், அதைவிடச் சின்ன லயத்து வாசல், நலங்கு வைக்கும்போது சுவரோடு ஒட்டி நின்று எடுக்கிற வேலை, இதற்கெல்லாம் 35. பெண்ணைத் தனியாக உட்காரவைத்து எடுக்கவும், கூட்டத்துக்குள்ளிருந்து அம்மாவின் கண்ணீரைப் பிடிக்கவும் 85. சின்ன சென்சர் பாடி என்றால் 23, 56 என்று எடுத்தால் கிட்டத்தட்ட அதே பார்வை. ஸூம் விரும்புகிறவர்கள் 24-70, 70-200 இரண்டும் எஃப்2.8இல் எடுப்பார்கள், வசதிதான், ஆனால் நான்கைந்து மணித்தியாலம் தூக்கிக்கொண்டு கோயில் படி ஏறி இறங்கிப் பாருங்கள், இடுப்பு பதில் சொல்லும். முதல் வருடத்துக்கு 35, 85 போதும்.

முன்கூட்டியே வெளியில் எடுக்கிற தனிப்படத்துக்கும் இரண்டு பாடி உதவும். தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் பக்கத்துச் சரிவில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், கோச்சி வருகிற சத்தம் கேட்கிறது என்றால், பாலம் முழுக்க ஒரு படம், முகம் நெருக்கமாக ஒரு படம், இரண்டும் அந்த ஒரு நிமிடத்துக்குள் வேண்டும். தண்டவாளத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள், அது ஓடுகிற பாதை.

முதல் நாள் இரவு

இரண்டு கெமராவின் நேரமும் செக்கன் வரை ஒன்றாக இருக்க வேண்டும். யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. ஒரு கல்யாணத்தில் என் இரண்டாவது பாடி 7 நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, கணினியில் நேர வரிசைப்படி அடுக்கினால் தாலி கட்டி முடிந்த பிறகு மாப்பிள்ளை மாலை போட வருகிறார். பல மொடல்களில் போன் ஆப் வழியாக நேரத்தைப் பொருத்தலாம். இல்லாவிட்டால் கோயிலுக்குப் போனதும் செக்கன் ஓடுகிற போன் திரையை இரண்டு கெமராவாலும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்தால் லைட்ரூம் மென்பொருளில் மொத்தமாக நகர்த்திவிடலாம்.

பிறகு வெள்ளையை வெள்ளையாகக் காட்டுகிற வைட் பெலன்ஸ் இரண்டிலும் ஒரே அளவு, படத்தின் நிற அமைப்பு ஒன்று, பின் பட்டன்களின் வேலை ஒன்று. கோப்புப் பெயரின் முதல் எழுத்துகளை மாற்ற முடிந்தால் ஒன்றுக்கு ஏ, மற்றதற்கு பி என்று வையுங்கள், ஒரே எண்ணில் இரண்டு படம் வந்து ஒன்றை ஒன்று அழிக்காது. ரா படம், அதாவது சுருக்கிப் பதப்படுத்தாத மூலக் கோப்பு, ஒன்று 25, 30 எம்பி என்று வைத்தால் 2,000 படத்துக்கு 50, 60 ஜிபி. பாடிக்கு 64 ஜிபி கார்ட் இரண்டு போட்டால் நடுவில் மாற்றுகிற வேலையே வராது.

லைட், பனி, ஈரம்

மணவறையைச் சுற்றி எல்ஈடி பட்டி கட்டாத கல்யாணம் இப்போது இல்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது லைட் ஒரு செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, கெமராவுக்குத் தெரியும். குருக்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டரைப் போட்டீர்களோ, பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே இருட்டுப் பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே இருங்கள், வேகத்தை 100இல் ஒன்று அல்லது 50இல் ஒன்றில் வையுங்கள், லைட் மினுக்கத்தைச் சமாளிக்கிற அன்டி ஃப்ளிக்கர் இருந்தால் போட்டுவிடுங்கள். மலிவான எல்ஈடி சிலது இதற்கும் அடங்காது, ஆகவே போனவுடனே நாலு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பனிக்குள் ஃபோகஸ் அலையும். முகத்தைப் பிடிக்காவிட்டால் வேட்டிக் கரை, சேலை ஜரிகை மாதிரி வெளிச்சமும் இருட்டும் சேருகிற ஓரத்தைப் பிடியுங்கள். மற்றபடி பனி தனிப்படத்துக்கு வரம், இவ்வளவு பெரிய மென்மையான லைட்டை எந்த ஸ்டூடியோவிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

நுவரெலியாவில் மார்கழி, தை விடியலில் வேனிலிருந்து இறங்கி, ஓமமும் கூட்டமுமாகச் சூடேறிய மண்டபத்துக்குள் நேரே போய்க் கெமராவை வெளியில் எடுத்தால் லென்ஸ் உள்ளும் புறமும் வேர்த்துவிடும். துடைத்தாலும் திரும்ப வரும். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் உள்ளே வையுங்கள், பிறகு எடுங்கள். அதற்காகவே நான் முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னால் போகிறேன், தேத்தண்ணியும் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஈரப் பையோடு அலுமாரிக்குள் வைக்காதீர்கள், நம் மலையில் பூஞ்சணம் அடுத்த மழைக்குள்ளேயே வந்துவிடும். அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம், அரிசித் தூள் உள்ளே போகும். இறுக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று. முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் சரி. ஜெல் நிறம் மாறினால் அடுப்புச் சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். பெட்டி வாங்கப் போகும்போது இரண்டு பாடியையும் லென்ஸ் மாட்டியபடி கொண்டு போய் உள்ளே வைத்துப் பார்த்து வாங்குங்கள், நான் அளக்காமல் வாங்கிய முதல் பெட்டியில் இப்போது வீட்டில் பருப்பு இருக்கிறது.